பெயரில் தங்கிய பிழை: இனப்பெருக்க உறுப்புகளில் சமிக்ஞை நொதிகளின் இருப்பிடம் தேடிய வரலாறு

புராஸ்டாகிளாண்டின் என்பது தவறான ஊரைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட ஒரு பெயர். 1930ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரஃபேல் குர்ஸ்ராக் என்ற மகப்பேறு மருத்துவரும் சார்ல்ஸ் லீப் என்ற மருந்தியலாளரும், மனிதக் கருப்பையின் தசைக் கீற்றுகளை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, அவற்றின்மீது விந்துநீரைச் சேர்த்தபோது, அக்கீற்றுகள் சில வேளை வலுவாகச் சுருங்கியதையும் சில வேளை தளர்ந்ததையும் பதிவு செய்தனர். சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் மாரிஸ் கோல்ட்பிளாட்டும் ஸ்வீடனில் உல்ஃப் வான் ஆய்லரும், ஒருவரையொருவர் சாராமல், விந்துநீரில் இரத்த அழுத்தத்தைக் குறைத்துத் தசையைத் தூண்டும் பொருளொன்று இருப்பதைக் கண்டனர். அது புராஸ்டேட் சுரப்பியில் பிறப்பதாகக் கருதிய வான் ஆய்லர், 1935இல் அதற்குப் புராஸ்டாகிளாண்டின் என்று பெயர் சூட்டினார். ஆணின் துணைச் சுரப்பிகளிலிருந்து கிடைத்த இன்னொரு பொருளுக்கு அவர் வெசிகிளாண்டின் என்றும் பெயரிட்டார். அந்தப் பெயர் வழக்கொழிந்துவிட்டது. 1950களின் இறுதியில் ஸ்வீடனைச் சேர்ந்த ரூனே எலியாசன், மனித விந்துநீரில் உள்ள புராஸ்டாகிளாண்டினின் பெரும்பகுதி புராஸ்டேட்டிலிருந்து வருவதில்லை என்றும், அருகிலுள்ள விந்துப்பைகளிலிருந்தே வருகிறது என்றும் காட்டினார். அதற்குள் பெயர் ஊன்றிவிட்டதால், இன்றும் மகப்பேறு அறையில் பிரசவ வலியைத் தூண்டக் கொடுக்கப்படும் மருந்தின் பெயரில், ஆணுடலின் ஒரு சுரப்பி, அதுவும் தவறுதலாகச் சேர்க்கப்பட்ட ஒரு சுரப்பி, ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்பிழையை ஆய்வாளரின் கவனக்குறைவாக எண்ணுவது நியாயமாகாது. ஓர் உறுப்பில் ஒரு பொருள் இருக்கிறது என்று அறிவது ஒரு பணி. அந்த உறுப்பின் எந்தச் செல், செல்லின் எந்தப் பகுதி, எந்த வேளையில் அதை உண்டாக்குகிறது என்று அறிவது வேறொரு பணி. செல்லுக்குள் செய்தியை உருவாக்குவதும், கடத்துவதும், செய்தியின் வேலை முடிந்தபின் அதை அழிப்பதுமான புரதங்களே சமிக்ஞை நொதிகள் எனப்படுகின்றன. அவை உடலின் பல இடங்களில் ஒரே வேதிவினையைத்தான் செய்கின்றன. ஆனால் கல்லீரலில் சர்க்கரையை விடுவிக்கச் சொல்லும் அதே வினை, விந்தணுவின் வாலில் நிகழ்ந்தால் நீந்தச் சொல்கிறது. முட்டைக்குள் நிகழ்ந்தால் காத்திருக்கச் சொல்கிறது. ஆகவே, நொதி இருக்கும் இடத்தை அறியாதவர் அதன் வினையை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் அதன் பொருளை அறிந்தவராகமாட்டார். பாலூட்டிகளின் இனப்பெருக்க உறுப்புகளில் இந்த இருப்பிடத் தேடல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீண்டது.

புராஸ்டாகிளாண்டினை ஆக்கும் நொதியின் வரலாற்றில் செம்மறிக் கிடாயின் விந்துப்பைக்குத் தனி இடம் உண்டு. ஸ்வீடனில் சூனே பெர்க்ஸ்ட்ரோம் 1950களில் பெருமளவு கிடாய்ச் சுரப்பிகளைச் சேகரித்து, அவற்றிலிருந்து மிகச் சிறிய அளவில் தூய படிகங்களைப் பிரித்தெடுத்தார். 1964இல் அவருடைய குழுவும் நெதர்லாந்தில் டேவிட் வான் டோர்ப்பின் குழுவும், அரைத்த கிடாய்ச் சுரப்பியுடன் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தைச் சேர்த்தால் அது புராஸ்டாகிளாண்டினாக மாறுவதைத் தனித்தனியே காட்டின. அந்த மாற்றத்தின் முதற்படியைச் செய்யும் சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி, 1976இல் செம்மறியாடு, மாடு ஆகியவற்றின் இதே சுரப்பியிலிருந்துதான் தூய்மையாக்கப்பட்டது. 1988இல் அதன் மரபணு வரிசை முதன்முதலில் அறியப்பட்டதும் செம்மறியின் அதே சுரப்பியிலிருந்துதான். ஆஸ்பிரின் இந்த நொதியைத் தடுப்பதாலேயே வலியைக் குறைக்கிறது என்பதை ஜான் வேன் 1971இல் விளக்கினார். தலைவலி மாத்திரையின் செயல்முறையை உலகம் மூலக்கூறு அளவில் அறிந்ததற்கு, இறைச்சிக் கூடத்தில் கழித்துப் போடப்படும் ஓர் இனப்பெருக்கச் சுரப்பி அந்த நொதியை அளவுக்கு மிஞ்சி வைத்திருந்ததே வழி திறந்தது.

கிடாயின் விந்துப்பையில் அரைத்துப் பார்த்தலே போதுமானதாக இருந்தது. விந்தகத்தில் அது போதவில்லை. விந்தகத்தின் உள்ளமைப்பு அப்படிப்பட்டது. அதன் மெல்லிய சீவல் ஒன்றை, பிக்ரிக் அமிலமும் ஃபார்மலினும் அசெட்டிக் அமிலமும் கலந்த பூவான் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்தி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், வட்ட வட்டமான குழல் வெட்டுகள் நெருக்கமாக அடுக்கியிருப்பது தெரியும். ஒவ்வொரு வட்டத்தின் வெளிவிளிம்பில் விந்துத் தாய்ச்செல்களும், அவற்றுக்கு உட்புறம் குரோமோசோம்கள் இணைகோத்து நிற்கும் பெரிய செல்களும், அதற்கும் உள்ளே உருண்டையான இளம் விந்துச் செல்களும், நடுவெளியை நோக்கி வால் நீட்டிய விந்தணுக்களும் படிப்படியாக அமைந்திருக்கும். இவற்றுக்கிடையே விளிம்பிலிருந்து நடுவரை நீண்டு, எல்லாவற்றையும் தாங்கி ஊட்டும் செல்களை இத்தாலியரான என்ரிக்கோ செர்டோலி 1865இல் விவரித்தார். வட்டங்களுக்கு வெளியே, இடைவெளிகளில் கூடியிருக்கும் செல்களை ஜெர்மானியரான ஃபிரான்ஸ் லைடிக் 1850இல் விவரித்தார். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் லெப்லானும் ஈவ் கிளெர்மோனும் 1952இல், ஷிஃப் வினைப்பொருளால் கருஞ்சிவப்பாகச் சாயமேறும் விந்தணுவின் தலைக்கவசம் எந்த வடிவில் இருக்கிறது என்பதைக் கொண்டே, எலியின் விந்துக் குழலில் திரும்பத் திரும்ப வரும் 14 நிலைகளைப் பிரித்துக் காட்டினர். ஒரு குழலின் ஓர் இடத்தில் முதல் நிலையும் அதன் பக்கத்தில் அடுத்த நிலையும் என, ஒரே உறுப்பு ஒரே நேரத்தில் பல கால அளவுகளில் வாழ்கிறது. இத்தகைய உறுப்பை முழுமையாக அரைத்து ஒரு நொதியை அளப்பது, பேரூர் ஒன்றின் எல்லா வீடுகளிலும் நடக்கும் பேச்சை ஒரே நேரத்தில் கேட்பதை ஒக்கும்.

இந்தப் பேச்சில் முதலில் பிரித்தறியப்பட்ட சொல் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஏர்ல் சதர்லாந்தும் தியோடர் ராலும் 1950களின் பிற்பகுதியில், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கல்லீரல் செல்லுக்குள் நுழையாமலே, செல்லின் சவ்வில் உள்ள ஒரு நொதியைத் தூண்டி இந்த மூலக்கூறை உண்டாக்குகின்றன என்று நிறுவினர். ஹார்மோன் வெளியே நின்று தட்டும் கை என்றால், இது உள்ளே ஓடும் இரண்டாம் தூதன். இதை ஆக்கும் நொதி அடினைலைல் சைக்ளேஸ். இதை அழிக்கும் நொதி ஃபாஸ்போடைஎஸ்டரேஸ். இதைக் கேட்டுப் பிற புரதங்கள்மீது பாஸ்பேட்டை ஒட்டும் நொதி, எட்வின் கிரெப்ஸின் சியாட்டில் ஆய்வகத்தில் 1968இல் அறியப்பட்ட புரதக் கைனேஸ் ஏ. சதர்லாந்துக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் இம்மூன்று நொதிகளும் ஏறத்தாழ எல்லாத் திசுக்களிலும் தேடப்பட்டு வந்தன. விந்தகமும் அந்தத் தேடலில் சேர்ந்தது.

1975இல் தியோடர் பிரவுனும் ரிச்சர்ட் டாட்ஸும் எலியின் விந்தகச் சாற்றில் ஒரு விந்தையான சைக்ளேஸ் இருப்பதாக அறிவித்தனர். அதுவரை பாலூட்டிகளில் அறியப்பட்ட அடினைலைல் சைக்ளேஸ் அனைத்தும் சவ்வில் புதைந்தவை. சாற்றை மிக வேகமாகச் சுழற்றினால் சவ்வோடு அடியில் படிந்துவிடுபவை. இதுவோ மேலே தெளிந்து நின்ற நீரிலேயே இருந்தது. ஹார்மோனுக்கும் ஃபுளோரைடுக்கும் அது அசையவில்லை. மாங்கனீசு அயனி இருந்தால் மட்டும் ஊக்கமாக வேலை செய்தது. சவ்வு நொதியின் உடைந்த துண்டாக இருக்கலாம் என்ற ஐயம் உடனே எழுந்தது. அந்த ஐயத்தைத் தீர்க்க, இந்த நொதி எந்தச் செல்லில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தேவைப்பட்டது.

விடை காண இயற்கையே ஒரு கால அட்டவணையை வகுத்து வைத்திருந்தது. சுண்டெலிக் குட்டி பிறக்கும்போது அதன் விந்துக் குழலில் விந்தணு இல்லை. சுமார் 10ஆம் நாளில் செல்கள் குன்றல் பகுப்பில், அதாவது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பிரிவில், நுழைகின்றன. சுமார் 20ஆம் நாளில் முதல் உருண்டை விந்துச் செல்கள் தோன்றுகின்றன. எலியில் இந்த வரிசை சற்றுத் தாமதமாக நடக்கும். வெவ்வேறு வயதுக் குட்டிகளின் விந்தகத்தை அளந்தால், எந்தச் செல் தோன்றும்போது நொதி தோன்றுகிறதோ அந்தச் செல்லே அதன் உறைவிடம் என்று கொள்ளலாம். கரையும் சைக்ளேஸ் உருண்டை விந்துச் செல்களின் வருகையோடு உயர்ந்தது. மற்றொரு வழி, செல்களைப் பிரித்துவிட்டு எண்ணுவது. விந்தகத்தை நொதிகளால் கரைத்துச் செல்களைத் தனித்தனியாக்கி, அடர்த்தி படிப்படியாகக் கூடும் ஆல்புமின் கரைசலின் மேல் மெதுவாக ஊற்றிக் குளிரறையில் சில மணி நேரம் அசையாமல் விட்டால், பெரிய செல்கள் முன்னே இறங்கும், சிறியவை பின்தங்கும். கீழ்க்குழாயைத் திறந்து துளித்துளியாகச் சேகரித்தால் ஒவ்வொரு சோதனைக் குழாயிலும் ஏறத்தாழ ஒரே வகைச் செல்கள் கிடைக்கும். எந்திர வேகம் எதுவுமின்றி, புவியீர்ப்பையும் பொறுமையையும் மட்டுமே நம்பிய இந்த முறைதான் விந்தக உயிர்வேதியியலின் ஒரு தலைமுறையைத் தாங்கியது.

இங்கே தமிழ் நிலத்தோடு தொடர்புள்ள ஒரு பொருளையும் குறிப்பிட வேண்டும். சேலம், தருமபுரி வட்டாரங்களில் ஒப்பந்தப் பயிராக விளைவிக்கப்படும் மருந்துக்கூர்க்கனின் கிழங்கு வேரில் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருள் இருக்கிறது. 1970களில் பம்பாயில் இயங்கிய ஹெக்ஸ்ட் நிறுவனத்தின் ஆய்வு மையம் அதைப் பிரித்தெடுத்தது; 1981இல் அமெரிக்காவில் கென்னத் சீமன், வில்லியம் பேட்ஜெட், ஜான் டேலி ஆகியோர், அது எந்த ஹார்மோனின் துணையுமின்றிச் சவ்விலுள்ள அடினைலைல் சைக்ளேஸை நேரடியாகத் தூண்டுவதைக் கண்டனர். அதன்பின் உலகின் உயிர்வேதியியல் ஆய்வகங்களில் இந்த வேர்ச்சாறு அன்றாடக் கருவியாயிற்று. லைடிக் செல்லிலும், செர்டோலி செல்லிலும், முட்டையைச் சூழ்ந்த செல்களிலும் ஃபோர்ஸ்கோலினைச் சேர்த்தால் சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகும். விந்தகத்தின் கரையும் சைக்ளேஸ் மட்டும் அதற்குச் செவி சாய்க்கவில்லை. ஒரு திசுவில் எந்த வகைச் சைக்ளேஸ் உள்ளது என்று பிரித்தறியும் உரைகல்லாக, சேலத்து மண்ணில் விளையும் ஒரு கிழங்கின் சாறு அமைந்தது அறிவியல் வரலாற்றில் இன்னும் பரவலாக நினைக்கப்பட வேண்டிய செய்தி.

கரையும் சைக்ளேஸ் தனி மரபணுவின் படைப்பே என்பது 1999இல் உறுதியாயிற்று. நியூயார்க்கில் யோகன் பக், லானி லெவின் ஆகியோரின் குழு எலி விந்தகத்திலிருந்து அதைத் தூய்மையாக்கி மரபணுவை அடையாளம் கண்டபோது, சவ்வுச் சைக்ளேஸைக் காட்டிலும் நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியாவின் சைக்ளேஸோடு அது நெருங்கிய உறவு கொண்டிருந்தது. அடுத்த ஆண்டில், அந்த நொதியை நேரடியாகத் தூண்டுவது பைகார்பனேட் அயனி என்று அதே ஆய்வகம் அறிவித்தது. இதற்கு முன்பே, 1980களில், கினிப்பன்றியின் விந்தணுவில் பைகார்பனேட் சைக்ளிக் ஏ.எம்.பி.யை உயர்த்துவதும், பன்றியின் விந்துநீரில் சைக்ளேஸை எழுப்பும் சிறு மூலக்கூறு பைகார்பனேட்டே என்பதும் தெரியவந்திருந்தன. எழுப்பப்படும் நொதி எதுவென்று மட்டும் தெரியாமலிருந்தது. இருப்பிடம் அறியப்பட்டதும் சிதறிய துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தின. விந்தணு சேமித்து வைக்கப்படும் இடத்தில் பைகார்பனேட் மிகக் குறைவு. விந்துநீரோடு கலந்து பெண்ணுடலை அடையும்போது அதன் அளவு சுமார் 25 மில்லிமோலாராக உயர்கிறது. விந்தணு வீட்டை விட்டுப் புறப்பட்டதை அதற்கு அறிவிப்பது இந்த உப்பின் அளவே. பெண்ணின் பாதையில் சில மணி நேரம் தங்கினால்தான் விந்தணுவுக்குக் கருவுறச் செய்யும் ஆற்றல் வருகிறது என்பதை மின் சூ சாங்கும் காலின் ஆஸ்டினும் 1951இல் தனித்தனியே கண்டிருந்தனர். அரை நூற்றாண்டுக் காலம் விளக்கமின்றி நின்ற அந்த மாற்றத்தின் முதல் விசை இவ்வாறு கையில் சிக்கியது.

விந்தகத்துக்கும் வெளியுலகுக்கும் இடையே எபிடிடிமிஸ் என்ற சுருள் குழல் இருக்கிறது. மனிதனில் அதை நேராக்கினால் சுமார் 6 மீட்டர் நீளும். அதன் தலைப்பகுதியில் உள்ள விந்தணு முழு உருவம் பெற்றிருந்தும் நீந்தாது. வால்பகுதியை அடைந்த விந்தணு நீந்தும். 1996இல் ஸ்ரீனிவாசன் விஜயராகவனும் உடனாய்வாளர்களும் காளையின் விந்தணுவில் இவ்விரு பகுதிகளையும் ஒப்பிட்டு, தலைப்பகுதியில் புரத ஃபாஸ்ஃபட்டேஸ் 1 என்ற நொதியின் செயல் ஏறத்தாழ 2 மடங்கும், கிளைக்கோஜன் சிந்தேஸ் கைனேஸ் 3 என்ற நொதியின் செயல் ஏறத்தாழ 6 மடங்கும் மிகுதி என்று கண்டனர். முன்னது பாஸ்பேட்டைப் பிடுங்குவது; பின்னது பாஸ்பேட்டை ஒட்டுவது. தசையில் சர்க்கரைச் சேமிப்பை ஆளும் நொதி என்று 1980இல் பெயரிடப்பட்ட ஒன்று, விந்தணுவில் நீச்சலை அடக்கி வைக்கும் காவலில் பங்குகொள்கிறது என்பது வியப்பூட்டியது. புராஸ்டாகிளாண்டினைப் போலவே இதற்கும் முதலில் கண்ட இடத்தின் வேலையே பெயராக நிலைத்துவிட்டது.

விந்தணுவுக்குள்ளும் முகவரிகள் உண்டு. புரதக் கைனேஸ் ஏ வெறும் திரவத்தில் மிதப்பதில்லை. ஆங்கரிங் புரதங்கள் எனப்படும் கட்டுத்தறிகள் அதை வாலின் நார்உறையோடு பிணைத்து வைக்கின்றன. அந்தக் கட்டுத்தறிகளில் முதன்மையான ஒன்றின் மரபணுவை நீக்கிய ஆண் சுண்டெலிகள் மலடாயின என்று 2002இல் தெரிந்தது. அந்தக் கைனேஸின் வினையூக்கிப் பகுதிக்கே விந்தணுவுக்கு மட்டும் உரிய தனி வடிவம் உண்டு; அதை இழந்தால் விந்தணு முட்டையைக் கருவுறச் செய்யாது என்பது 2004இல் அறியப்பட்டது. பிற உறுப்புகளிலுள்ள பொது வடிவங்களோடு நில்லாமல், விந்தகம் பல நொதிகளுக்குத் தனக்கென ஒரு பதிப்பை அச்சிட்டுக்கொள்கிறது.

அண்டகத்தின் வரலாற்றில் கேள்வி இன்னும் கூர்மையானது. முட்டை, பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே குன்றல் பகுப்பைத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. பருவமடைந்தபின் ஒவ்வொரு சுழற்சியிலும் தேர்ந்தெடுக்கப்படும் முட்டை மட்டுமே அதைத் தொடர்கிறது. சில முட்டைகள் 40 ஆண்டுகளுக்கு மேலும் அந்த நிறுத்தத்திலேயே காத்திருக்கின்றன. கிரெகரி பிங்கஸும் எர்ன்ஸ்ட் என்ஸ்மானும் 1935இல் முயலின் முட்டையை, அது வளரும் ஃபாலிக்கிள் என்ற நுண்பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தபோது, எந்த ஹார்மோனும் சேர்க்காமலே அது நிறுத்தத்தைக் கைவிட்டுப் பகுப்பைத் தொடர்ந்தது. அப்படியானால் முட்டையைத் தடுத்து வைத்திருப்பது அதைச் சூழ்ந்த செல்களே. ராபர்ட் எட்வர்ட்ஸ் 1965இல் மனித முட்டையிலும் இதைக் காட்டினார். 1978இல் பிறந்த முதல் சோதனைக் குழாய்க் குழந்தைக்கான பாதையில் அது ஒரு மைல்கல். 1974இல் சைக்ளிக் ஏ.எம்.பி.யின் ஒரு மாற்று வடிவத்தைச் சுண்டெலி முட்டையைச் சுற்றியுள்ள ஊடகத்தில் சேர்த்தால் முட்டை நிறுத்தத்திலேயே இருப்பது தெரிந்தபோது, தடுக்கும் பொருள் அதுவே என்று கருத இடம் கிடைத்தது.

இங்கேதான் முரண் எழுந்தது. முட்டையை வெளியேற்றத் தூண்டும் எல்.எச். என்ற ஹார்மோன், ஃபாலிக்கிளில் சைக்ளிக் ஏ.எம்.பி.யை உயர்த்துகிறது. அதே மூலக்கூறு குறைந்தால்தான் முட்டை பகுப்பைத் தொடரும். உயர வேண்டியதும் தாழ வேண்டியதும் ஒரே பையில், ஒரே மணி நேரத்தில் எப்படி நடக்கும்? ஃபாலிக்கிளை முழுதாக அரைத்து அளந்தவரை இந்தக் கேள்விக்கு விடை வர வழியே இல்லை. விடை, மரபணுவின் செய்தியைத் திசுச் சீவலின் மேலேயே அடையாளம் காணும் முறையிலிருந்து வந்தது. ஜோசஃப் காலும் மேரி லூ பார்டியூவும் 1969இல் அறிமுகப்படுத்திய அந்த முறையில், தேடப்படும் மரபணு வரிசைக்கு இணையான துண்டொன்றுக்குக் கதிரியக்கக் குறியிட்டுச் சீவலின்மீது இடுவர். அது எந்தச் செல்லில் பற்றுகிறதோ அங்கே பூசிய ஒளிப்பதிவுப் படலத்தில் கரும்புள்ளிகள் படியும். 1990களின் நடுவில் அலெக்ஸ் சாஃப்ரிரி, ஆரன் சுவே, மார்கோ கோன்டி ஆகியோர் எலியின் அண்டகத்தில், சைக்ளிக் ஏ.எம்.பி.யை அழிக்கும் ஃபாஸ்போடைஎஸ்டரேஸின் இரு குடும்பங்கள் எல்லை பிரித்துக் குடியிருப்பதைக் காட்டினர்: நான்காம் குடும்பம் சூழ்ந்த கிரானுலோசா செல்களில், மூன்றாம் குடும்பம் முட்டைக்குள். மூன்றாம் குடும்பத்தை மட்டும் தடுக்கும் மருந்தைச் சேர்த்தால் முட்டை நிறுத்தத்தில் நின்றது. நான்காம் குடும்பத்தைத் தடுத்தால், சுற்றிலும் சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகியும் முட்டை பகுப்பைத் தொடர்ந்தது. முரண் என்று தோன்றியது, இரண்டு அறைகளை ஒன்றெனக் கொண்டதால் வந்த மயக்கம். 2004இல் அந்த மூன்றாம் குடும்ப நொதியின் மரபணுவை இழந்த பெண் சுண்டெலிகள் ஆராயப்பட்டபோது, அவை முட்டைகளை வெளியேற்றின. ஆனால் அம்முட்டைகள் நிறுத்தத்தை விட்டு நகரவில்லை. அந்தச் சுண்டெலிகள் குட்டி ஈனவேயில்லை.

மீதமிருந்த கேள்வி, அந்த நொதியை இத்தனை காலம் அடக்கி வைத்திருப்பது யார் என்பது. 2009இல் அது சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற உறவு மூலக்கூறு என்றும், சூழ்ந்த செல்களில் உண்டாகி நுண்ணிய இணைப்புத் துளைகள் வழியே முட்டைக்குள் கசிந்து வருகிறது என்றும் அமெரிக்காவின் லாரிண்டா ஜாஃப், மார்கோ கோன்டி ஆகியோரின் குழுக்கள் காட்டின. 2010இல் ஜாக்சன் ஆய்வகத்தில் மெய்ஜியா ஜாங், ஜான் எப்பிக் ஆகியோர் படத்தை நிறைவாக்கினர்: பையின் சுவரை ஒட்டிய செல்கள் ஒரு சிறு புரதத்தைச் சுரக்கின்றன; முட்டையைத் தழுவி நிற்கும் க்யுமுலஸ் செல்கள் அதை வாங்கும் ஏற்பியைத் தாங்குகின்றன; அந்த ஏற்பியே சைக்ளிக் ஜி.எம்.பி.யை ஆக்கும் நொதியுமாகும். எல்.எச். வந்ததும் இந்தச் சங்கிலி தளர்கிறது, துளைகள் அடைபடுகின்றன, முட்டைக்குள் அடங்கியிருந்த நொதி விழிக்கிறது. ஒரே நுண்பைக்குள் மூன்று வகைச் செல்கள் மூன்று வெவ்வேறு பணிகளைப் பங்கிட்டுக்கொண்டு ஒரு முட்டையைப் பல பத்தாண்டுகள் காக்கின்றன என்பது, பிங்கஸின் முயல் முட்டையிலிருந்து 75 ஆண்டுகள் கழித்துத் தெளிவான செய்தி.

கருப்பையைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் கூறிய சைக்ளோஆக்சிஜனேஸே மீண்டும் வருகிறது. 1991இல் அதற்கு இரண்டாவது வடிவம் உண்டென்று தெரிந்தது. 1992இல் ஜீன் சிரோவாவும் ஜோஆன் ரிச்சர்ட்ஸும் எல்.எச். எழுச்சிக்குப் பின் கிரானுலோசா செல்களில் அது சில மணி நேரத்துக்கு மட்டும் தோன்றி மறைவதைக் கண்டனர். 1997இல் சுதான்ஷு டேயின் குழு, அந்த வடிவம் இல்லாத பெண் சுண்டெலிகளில் முட்டை வெளியேற்றம், கருவுறுதல், கரு பதிதல் ஆகிய அனைத்தும் குலைவதை அறிவித்தது. கரு ஒட்டும் இடத்தில் மட்டும், ஒட்டும் வேளையில் மட்டும், கருப்பைச் சுவரில் அந்த நொதி எழுகிறது.

இருப்பிடத்தைக் காட்டும் ஒவ்வொரு முறையும் தன் பங்குக்கு மயக்கத்தையும் தந்தது என்பதை இந்தத் துறையினர் நன்கு உணர்ந்திருந்தனர். 1939இல் ஜார்ஜ் கோமோரி தொடங்கிய, நொதியின் வினையையே சீவலில் கருநிறமாகப் படியவைக்கும் முறையைச் சைக்ளேஸுக்குப் பயன்படுத்த முயன்றபோது, படிவை உண்டாக்கச் சேர்த்த ஈயம் நொதியையே முடக்கியது. ஆல்பர்ட் கூன்ஸ் 1941இல் தொடங்கிய, ஒளிரும் எதிர்ப்பொருளால் புரதத்தைக் காணும் முறை பெரும் வரமாக இருந்தாலும், எதிர்ப்பொருள் வேறொரு புரதத்தையும் பற்றிவிட்டால் ஒளி பொய் சொல்லும். மரபணுவின் செய்தியைத் தேடும் முறையிலோ விந்தகம் தனக்கே உரிய ஒரு பொறியை வைத்திருக்கிறது: புரோட்டமைன் என்ற புரதத்துக்கான செய்தி உருண்டை விந்துச் செல்லில் எழுதப்பட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் பூட்டி வைக்கப்பட்டு, அதன் பிறகே புரதமாகிறது. செய்தி இருக்கும் செல்லும் புரதம் இருக்கும் செல்லும் இங்கே வேறு வேறு நிலைகள். ஸ்வீடனின் மனிதப் புரத வரைபடத் திட்டம் 2015இல் வெளியிட்ட தொகுப்பில், மனித உறுப்புகள் எல்லாவற்றிலும் தனக்கென மிகுதியாக மரபணுக்களை வெளிப்படுத்துவது விந்தகமே என்றும், அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 1000 என்றும் காணப்பட்டது. ஆனால் விந்தகத்தில் வெளிப்படுவது எல்லாம் விந்தகத்துக்குத் தேவைப்படுவது என்று முடிவுகட்டிவிட முடியாது. பல மரபணுக்களை நீக்கிய பிறகும் சுண்டெலிகள் குறையின்றிக் குட்டிகளைத் தந்திருக்கின்றன. வரைபடம் எவ்வளவு பெரிதானாலும், உயிருள்ள விலங்கில் அந்த நொதியை நிறுத்திப் பார்த்தவர்களின் உழைப்புக்கு அது ஈடாவதில்லை.

கரையும் சைக்ளேஸுக்கு அந்தச் சோதனை 2004இல் நடந்தது. அதன் மரபணு இல்லாத ஆண் சுண்டெலிகளின் விந்தகம் பார்வைக்கு இயல்பாக இருந்தது, விந்தணுக்களும் உருவாயின, ஆனால் அவை முன்னோக்கி நீந்தவில்லை; செல்லுக்குள் நுழையக்கூடிய சைக்ளிக் ஏ.எம்.பி. வடிவத்தை வெளியிலிருந்து கொடுத்தபோது வால் மீண்டும் அசைந்தது. 2019இல் அதே மரபணு பழுதான இரண்டு ஆண்கள் பற்றி ஆய்வறிக்கை வந்தது: இருவருக்கும் விந்தணு நகரவில்லை, இருவருக்கும் சிறுநீரகக் கற்களும் இருந்தன. விந்தகத்தில் கண்டெடுக்கப்பட்ட, விந்தகத்தில் மிகுதியாக உள்ள நொதி, சிறுநீரகத்திலும் குறைந்த அளவில் ஒரு வேலையைப் பார்த்து வந்திருக்கிறது. இந்த நொதியைத் தடுத்து ஆணுக்கான கருத்தடை மருந்து செய்ய எண்ணியவர்கள் இந்தச் சிறு இருப்பையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. நாள்தோறும் உண்டு, மாதக்கணக்கில் நொதியை நிறுத்தி வைக்கும் மாத்திரை பிற உறுப்புகளையும் தொடும். தேவைப்படும் வேளையில் மட்டும் உண்டு, சில மணி நேரத்தில் வலுவிழக்கும் மாத்திரைக்கு அந்த இடர் மிகக் குறைவு. 2023 பிப்ரவரியில் மெலனி பால்பாக், லெவின், பக் ஆகியோரின் குழு ஆண் சுண்டெலிகளுக்கு அத்தகைய தடுப்பானை ஒரே ஒரு முறை கொடுத்தபோது, முதல் 2 மணி நேரத்தில் கருத்தரிப்பு எதுவும் நிகழவில்லை. பெண் சுண்டெலியின் உடலிலிருந்து எடுத்த விந்தணுக்களும் அசைவற்றே கிடந்தன. 3ஆம் மணியில் சில நீந்தத் தொடங்கின. 24 மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின.